கடைசி நொடிக்கு முன்னால்: நெருக்கடியில் இருப்பவரும் காவலரின் துப்பாக்கியும்

கத்தியோடு நின்ற ஒருவரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள் என்று செய்தி வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு அணிகள் உருவாகிவிடுகின்றன. “காலில் சுட்டிருக்கக் கூடாதா?” என்கிறது ஓர் அணி. “கத்தியை ஓங்கிக்கொண்டு வருபவரிடம் வேறென்ன செய்ய முடியும்?” என்கிறது மற்றது. இறந்தவர் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர் என்பது தெரியவந்ததும் குரல்கள் இன்னும் உயர்கின்றன. இரண்டு அணிகளும் உற்றுப் பார்ப்பது ஒரே இடத்தை: துப்பாக்கி வெடித்த அந்த நொடியை.

அந்த நொடியை மட்டும் வைத்து நடக்கும் விவாதம் எங்கும் போய்ச் சேராது என்பது என் உறுதியான எண்ணம். பல நிகழ்வுகளில் அந்த நொடி வரும்போது காவலர் கையில் வேறு வழி எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. வழிகள் இருந்த நிமிடங்கள் அதற்கு முன்பே கழிந்துபோயிருக்கும். அந்த நிமிடங்களில் என்ன நடக்கிறது, அவை எப்படிக் கைநழுவுகின்றன என்பதை இங்கே எளிமையாகச் சொல்ல முயல்கிறேன். இதில் வரும் வழக்குகளும் ஆய்வுகளும் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. இந்த வாதம் அங்கே நீதிமன்றங்களிலும் காவலர் பயிற்சிக் கூடங்களிலும் நெடுங்காலமாக நடந்துவருகிறது.

## பிரேக்கும் வேகமும்

குறுகிய தெருவில் ஒருவர் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டி வருகிறார். பத்து மீட்டர் முன்னால் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவருகிறது. அந்த வேகத்தில் பத்து மீட்டரைக் கடக்க அரை நொடிகூட ஆகாது. கால் பிரேக்குக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். “குழந்தையைப் பார்த்த பிறகு ஓட்டுநர் என்ன செய்திருக்கலாம்?” என்று கேட்டால், “ஒன்றும் செய்திருக்க முடியாது” என்பதே பதில். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் கேள்வி மிகத் தாமதமாகக் கேட்கப்பட்டுவிட்டது. அந்தத் தெருவுக்குள் 80 கிலோமீட்டர் வேகத்தில் அவர் ஏன் நுழைந்தார் என்பதிலிருந்து விசாரணை தொடங்கியிருக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மெதுவாக, கவனமாக வந்த ஒருவரின் முன்னால், நிறுத்தியிருந்த லாரிக்குப் பின்னாலிருந்து குழந்தை பாய்ந்துவிடலாம். அங்கே ஓட்டுநரைக் குறைசொல்ல இடமில்லை. இரண்டு விபத்துகளிலும் கடைசி அரை நொடியை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டினால், இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது தவிர்த்திருக்கக்கூடியது, எது தவிர்க்க முடியாதது என்பது முந்தைய காட்சிகளில்தான் தெரியும்.

## முதலில் மூன்று சொற்கள்

பலப்பிரயோகம்: ஒருவரைக் கட்டுப்படுத்தக் காவலர் பயன்படுத்தும் உடல்வலிமை, கருவி, ஆயுதம் எல்லாம் இதில் அடங்கும். கையைப் பிடித்து இழுப்பதும் பலப்பிரயோகம்தான், சுடுவதும் பலப்பிரயோகம்தான்.

உயிர்கொல்லும் பலம்: மரணத்தையோ மிகக் கடுமையான காயத்தையோ விளைவிக்க வாய்ப்புள்ள பலம். துப்பாக்கியால் சுடுவது எப்போதும் இந்த வகையைச் சேர்ந்தது. எங்கே குறிவைத்தார் என்பதைப் பொறுத்து இது மாறுவதில்லை.

நெருக்கடி: ஒருவர் தம் வழக்கமான சிந்தனையையும் கட்டுப்பாட்டையும் தற்காலிகமாக இழந்திருக்கும் நிலை. இதைப் பலரும் மனநோய் என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். போதைப்பொருள், ரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைவது, வலிப்புக்குப் பின் வரும் குழப்பம், தாங்க முடியாத துக்கம், தற்கொலை எண்ணம் என்று எதுவும் ஒருவரை அங்கே கொண்டுபோகலாம். மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர்கள் பிறரால் தாக்கப்படுவதே அதிகம்.

இருந்தும், வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2015 முதல் பல ஆண்டுகள் தொகுத்த பதிவுகளின்படி, அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேர் காவலரின் துப்பாக்கிச் சூட்டில் இறக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு இருந்ததாகத் தெரிகிறது. இது ஓரத்தில் ஒதுக்கிவைக்கக்கூடிய பிரச்சினை அல்ல.

## காலில் சுடுவது ஏன் விடையாகாது

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் மனம் நல்ல மனம். உயிர் போகக் கூடாது என்ற எண்ணத்திலிருந்துதான் அது வருகிறது. ஆனால் துப்பாக்கி அப்படி வேலை செய்வதில்லை.

நியூயார்க் நகரக் காவல்துறையின் துப்பாக்கிப் பயிற்சியை ராண்ட் ஆய்வு நிறுவனம் மதிப்பிட்டு 2008-இல் அறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை நடந்த நிகழ்வுகளில், எதிராளியும் திருப்பிச் சுட்டபோது காவலர்கள் சுட்ட குண்டுகளில் 18 சதவீதம்தான் இலக்கைத் தொட்டன. எதிராளி திருப்பிச் சுடாதபோதும் அது 30 சதவீதம்தான். பயிற்சி பெற்றவர்கள், உடலின் பெரிய பகுதியைக் குறிவைத்துச் சுட்டும் கிடைத்த விகிதம் இது. ஓடும்போது முன்னும் பின்னும் வீசப்படும் ஒரு காலை, இதயம் படபடக்கும் நிலையில் குறிவைத்தால் என்ன ஆகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தவறிய குண்டு எங்காவது போய்த் தைக்கும். அங்கே வேறொருவர் நின்றிருக்கலாம்.

குண்டு காலிலேயே பட்டாலும் அது பாதுகாப்பான காயம் ஆகிவிடாது. தொடையில் ஓடும் பெரிய தமனி கிழிந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். இன்னொரு புறம், காலில் குண்டு பட்டவர் உடனே நின்றுவிடுவார் என்ற உறுதியும் இல்லை.

இதிலிருந்து “அப்படியென்றால் மார்பில் சுடுவதுதான் சரி” என்று முடித்துவிடக் கூடாது. துப்பாக்கி மென்மையாகப் பயன்படுத்தக்கூடிய கருவி அல்ல என்பதே இதன் பொருள். ஆகவே அதை எடுக்கும் கட்டத்துக்கு நிலைமை போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முழு வேலையும்.

## டேசர் செய்வதும் செய்யாததும்

டேசர் என்பது மின்சாரம் பாய்ச்சும் கருவி. மெல்லிய கம்பிகளோடு இணைந்த இரண்டு சிறு முட்களை அது பாய்ச்சுகிறது. இரண்டும் உடலில் தைத்தால், இடையே மின்சுற்று முழுமையாகி, தசைகள் இறுகி, ஆள் விழுகிறார். இரண்டில் ஒன்று தவறினாலோ, தடித்த தளர்வான உடையில் சிக்கினாலோ சுற்று முழுமையாகாது. மிக அருகிலிருந்து சுட்டால் இரண்டு முட்களும் பக்கத்துப் பக்கத்தில் தைக்கும். அப்போது இறுகும் தசைகளின் பரப்பும் சிறிதாகிவிடும்.

ஆகவே பாயும் கத்திக்கு எதிரே டேசரை மட்டும் நம்பி நிற்பது சூதாட்டம். அதே டேசர், போதிய தூரத்தில், முன்னால் ஒரு தடுப்பு இருக்க, அருகில் இன்னொரு காவலர் துணை நிற்கும்போது உண்மையாகவே உயிரைக் காக்கிறது. கருவி ஒன்றுதான். அதற்குக் கிடைக்கும் தூரமும் நேரமும் மாறும்போது விளைவும் மாறுகிறது.

சுருக்கமாக: கடைசி நொடியில் கைகொடுக்கும் மாயக் கருவி எதுவும் இல்லை. துப்பாக்கியால் கொல்லாமல் சுடுவதை உறுதிசெய்ய முடியாது. டேசர் வேலை செய்யும் என்பதற்கும் உறுதியில்லை. இனி அதற்கு முந்தைய நிமிடங்களுக்குப் போவோம்.

## 21 அடி: தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்ட பாடம்

டெனிஸ் டூலர், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் பயிற்சியளித்தவர். கத்தியோடு ஒருவர் எவ்வளவு தூரத்திலிருந்து பாய்ந்தால் காவலருக்கு ஆபத்து என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது எளிமையானது. ஓர் ஆள் 21 அடியை, அதாவது ஏறக்குறைய 6.4 மீட்டரை, சுமார் ஒன்றரை நொடியில் ஓடிக் கடக்கிறார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் ஏறக்குறைய அதே ஒன்றரை நொடி ஆகிறது. அந்தத் தூரத்தில் காவலர் சுட்டு முடிக்கும்போது கத்தி அவர்மேல் இருக்கும்.

இது காலப்போக்கில் “21 அடி விதி” ஆயிற்று. கத்தி வைத்திருப்பவர் 21 அடிக்குள் வந்துவிட்டால் சுடலாம் என்று பலர் அதைப் படித்தார்கள். சிலர் அப்படியே கற்பித்தார்கள். டூலர் எழுதியது அப்படி ஒரு அனுமதிச் சீட்டு அல்ல. ஆபத்தை முன்கூட்டியே உணருங்கள், தூரத்தைக் கூட்டுங்கள், ஏதாவது ஒன்றின் பின்னால் போய் நில்லுங்கள் என்பதே அவர் சொன்ன வழி.

இந்தத் தலைகீழ்ப் புரிதல்தான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்துவது. ஒரே அளவீட்டிலிருந்து இரண்டு எதிரெதிர் முடிவுகளுக்கு வரலாம். “ஆறு மீட்டரில் நான் ஆபத்தில் இருக்கிறேன், அதனால் சுடுகிறேன்” என்பது ஒன்று. “ஆறு மீட்டரில் நான் ஆபத்தில் இருக்கிறேன், அதனால் பதினைந்து மீட்டருக்குப் பின்வாங்குகிறேன்” என்பது மற்றொன்று. முதல் முடிவில் ஒருவர் சாகிறார். இரண்டாவதில் காவலர் முன்னைவிடப் பாதுகாப்பாக இருக்கிறார், எதிரே இருப்பவரும் உயிரோடு இருக்கிறார்.

பின்வாங்குவதைக் கோழைத்தனம் என்று நினைக்கும் பழக்கம் பல காவல்துறைகளில் உண்டு. “வேகமாக உள்ளே போ, வேகமாக முடி” என்ற பயிற்சி ஒருவரைத் தானாகவே முன்னால் தள்ளிக்கொண்டுபோகும். தூரம் குறையக் குறைய யோசிக்கும் நேரம் குறையும். நேரம் குறையக் குறைய வழிகள் குறையும். எவருக்கும் உடனடி ஆபத்து இல்லாதபோதும் இப்படி நெருங்கிப்போய், பிறகு அந்த நெருக்கத்தையே காரணமாகக் காட்டிச் சுடுவதைக் காவலர் தாமே உருவாக்கிய ஆபத்து என்று சட்ட அறிஞர்கள் சொல்கிறார்கள். 80 கிலோமீட்டர் வேகம் என்றது இதைத்தான்.

## தூரம், அரண், நேரம்

அரண் என்று இங்கே சொல்வது, ஆயுதம் காவலரை அடையாமல் தடுக்கும் எதையும்: கார், சுவர், கேடயம், கனமான மேசை. கத்தி காரைத் தாண்டி வர முடியாது. ஆறு மீட்டர் தூரத்தில் வெட்டவெளியில் நிற்பவரைவிட, மூன்று மீட்டர் தூரத்தில் காருக்குப் பின்னால் நிற்பவருக்கு ஆபத்து குறைவாக இருக்கலாம். தூரத்தை மட்டும் அளந்து ஒரு விதியை எழுத முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

தூரமும் அரணும் சேர்ந்து தருவது நேரம். நேரம் கிடைத்தால் கூடுதல் காவலர்கள் வரலாம், கேடயம் வரலாம், பேசத் தெரிந்தவர் வரலாம். எல்லாவற்றையும்விட, எதிரே இருப்பவரின் உடலில் பொங்கிய வெறி தணியலாம். அந்த உச்சத்திலேயே மணிக்கணக்கில் நிற்க எந்த உடலாலும் முடியாது.

நேரத்தை வேண்டுமென்றே நீட்டிக்கும் முறை புதியதும் அல்ல. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் பணயக்கைதிகள் கொல்லப்பட்ட பிறகு, நியூயார்க் காவல்துறை 1973-இல் பேச்சுவார்த்தைக்கென்று தனிக் குழு ஒன்றை அமைத்தது. உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற துப்பறிவாளர் ஹார்வி ஷ்லோஸ்பர்க் அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர். சுற்றி வளை, வெளியே விடாதே, உள்ளே பாயாதே, பேசிக்கொண்டே இரு என்பது அதன் சாரம். பணயக்கைதிகளைப் பிடித்து வைத்திருக்கும் குற்றவாளியிடம் ஒரு இரவு முழுவதும் பேசத் தயாராக இருந்த காவல்துறைகள், தன் சமையலறையில் கத்தியோடு அழுதுகொண்டு நிற்கும் மகனிடம் மூன்று நிமிடம் பேசவில்லை என்பது எவ்வளவு பெரிய முரண்!

ஸ்காட்லாந்தில் பெரும்பாலான காவலர்கள் துப்பாக்கி இல்லாமலே பணிசெய்கிறார்கள். கத்தியோடு நிற்பவர்களையும் அவர்கள்தான் எதிர்கொள்கிறார்கள். அதை நேரில் பார்க்க அமெரிக்கக் காவல் அதிகாரிகள் 2015-இல் அங்கே போனார்கள். காவல் நிர்வாக ஆய்வு மன்றம் என்ற அமெரிக்க அமைப்பு 2016-இல் “ஐகாட்” என்ற பயிற்சியை வெளியிட்டது. பேச்சு, நிலைமையை மதிப்பிடுதல், தூரமும் அரணும் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கற்பிப்பது அது. லூயிவில் நகரக் காவல்துறையில் இதன் விளைவைச் சின்சினாட்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்தார்கள். பலப்பிரயோக நிகழ்வுகள் 28 சதவீதம் குறைந்தன. பொதுமக்களின் காயங்கள் 26 சதவீதம் குறைந்தன. காவலர்களின் காயங்கள் 36 சதவீதம் குறைந்தன. கடைசி எண்ணை மறுபடி படியுங்கள். பொறுமை காவலரைப் பலிகொடுக்கும் என்ற அச்சத்துக்கு அந்த எண்ணே பதில்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. ஐகாட் பயிற்சியே துப்பாக்கி அல்லாத ஆயுதம் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து உருவாக்கப்பட்டது. எதிராளி கையில் துப்பாக்கி இருந்தால் பதினைந்து மீட்டர் தூரம் காப்பாற்றாது. தாழ்ந்திருக்கும் துப்பாக்கியை அவர் உயர்த்திச் சுட ஆகும் நேரம், அதைக் கண்டு காவலர் செயல்பட ஆகும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அங்கே கெட்டியான அரணும், சுற்றிலும் மக்களை அப்புறப்படுத்துவதும், தொலைபேசிவழிப் பேச்சும்தான் நேரம் தருகின்றன. அறைக்குள் ஒரு குழந்தையின் கழுத்தில் கத்தி இருந்தால், காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அந்தக் குழந்தையினுடையது. அப்போது நேரம் என்ற ஒன்றே இல்லை. இதை மறைத்துவிட்டு “எப்போதும் காத்திருங்கள்” என்று சொல்பவர்கள் காவலருக்கும் நியாயம் செய்யவில்லை, குழந்தைக்கும் நியாயம் செய்யவில்லை.

## “கத்தியைக் கீழே போடு!”

நான்கு காவலர்கள் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். ஒருவர் “அசையாதே” என்கிறார். இன்னொருவர் “தரையில் படு” என்கிறார். மூன்றாமவர் “கத்தியைப் போடு” என்கிறார். அசையாமல் எப்படிப் படுப்பது? தெளிவான மனநிலையில் இருப்பவரே திணறுவார். காதுக்குள் வேறு குரல்கள் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இவை இன்னும் நான்கு குரல்கள், அவ்வளவுதான். அவர் கீழ்ப்படியாமல் நிற்பதைக் காவலர்கள் எதிர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் சொன்னது அவருக்குள் போய்ச் சேரவே இல்லை.

பதற்றத் தணிப்பு என்பது இதற்கான மாற்றுமுறை: பலத்தின் தேவையைக் குறைக்கும் விதமாகப் பேச்சையும் நடத்தையையும் அமைத்துக்கொள்வது. ஒருவர் மட்டும் பேசுவார். குரல் தாழ்ந்திருக்கும். கட்டளையைவிடக் கேள்விகள் அதிகம் வரும். பெயர் கேட்பார், பதில் வரும்வரை காத்திருப்பார், அதே வாக்கியத்தை மறுபடி பொறுமையாகச் சொல்வார். இதை “கெஞ்சுவது” என்று ஏளனம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அரணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு பேசுவது கெஞ்சல் அல்ல, வேலை. அரண் இல்லாமல், இரண்டு மீட்டர் தூரத்தில், வெறும் வார்த்தையை நம்பி நிற்பதை எந்த நல்ல பயிற்சியும் கற்பிப்பதில்லை. பேச்சும் தூரமும் பிரிக்க முடியாதவை.

காவலரின் உடலையும் மறந்துவிடக் கூடாது. உயிர்பயத்தில் பார்வை குறுகி ஆயுதத்தின்மேல் மட்டும் நிலைக்கிறது. சுற்றுப்புற ஓசைகள் மங்குகின்றன. பக்கத்தில் நின்ற தாய் “சுடாதீர்கள்” என்று கதறியது தமக்குக் கேட்கவே இல்லை என்று ஒரு காவலர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அந்த நிலைக்குப் போன பிறகு யாராலும் நன்றாக முடிவெடுக்க முடியாது. போகாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் தூரம்.

## சட்டம் எதைக் கேட்கிறது

ஐக்கிய நாடுகள் 1990-இல் ஹவானா மாநாட்டில் ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள், உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோது மட்டுமே வேண்டுமென்று உயிரைப் பறிக்கும்படி துப்பாக்கியைப் பயன்படுத்தலாம் என்கின்றன. இதில் இரண்டு எண்ணங்கள் உள்ளன. ஒன்று அவசியம்: குறைந்த பலத்தால் முடியாது என்ற நிலை இருக்க வேண்டும். மற்றொன்று அளவு: பலம் ஆபத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் அளவுகோல் வேறு. அது பிறந்த வழக்கின் கதை, இந்தக் கட்டுரையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. 1984-இல் வட கரோலினாவின் சார்லட் நகரில் ஒரு நீரிழிவு நோயாளி தமக்குச் சர்க்கரை குறைவதை உணர்ந்தார். ஆரஞ்சுச் சாறு வாங்கக் கடைக்குள் ஓடினார். நீண்ட வரிசையைக் கண்டு அதே வேகத்தில் வெளியே ஓடிவந்து நண்பரின் காரில் ஏறினார். பார்த்துக்கொண்டிருந்த காவலருக்குச் சந்தேகம். காரை நிறுத்தினார். மற்றக் காவலர்கள் வந்தார்கள், அவரைக் குடிகாரர் என்று முடிவுகட்டினார்கள். கைவிலங்கு பூட்டிக் காவல் வண்டிக்குள் தள்ளினார்கள். ஒரு நண்பர் கொண்டுவந்த ஆரஞ்சுச் சாற்றைக்கூடக் குடிக்கவிடவில்லை. அந்த நோயாளிக்குப் பாத எலும்பு முறிந்தது. கடையில் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்த பிறகு விட்டுவிட்டார்கள். அவரிடம் ஆயுதம் எதுவும் இல்லை. நெருக்கடி மட்டும் இருந்தது.

கிரஹாம் எதிர் கானர் என்ற அந்த வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்: அந்த இடத்தில் இருக்கும் நியாயமான ஒரு காவலரின் கண்ணால் பார்க்க வேண்டும்; பின்னால் தெரியவந்ததை வைத்து அளக்கக் கூடாது; நொடிப்பொழுதில் முடிவெடுக்கும் கட்டாயத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். குற்றம் எவ்வளவு கடுமையானது, உடனடி ஆபத்து இருந்ததா, அவர் எதிர்த்தாரா அல்லது தப்பியோடினாரா என்பவையும் பார்க்கப்படும். இது காவலருக்கு நியாயமான பாதுகாப்பு. ஆனால் சில கீழ் நீதிமன்றங்கள் இதைக் குறுக்கி, ஆபத்து எழுந்த அந்தக் கணத்தை மட்டும் பார்த்தால் போதும் என்று தீர்ப்பளித்துவந்தன. விபத்தின் கடைசி அரை நொடியை மட்டும் பார்ப்பது போன்றதே அது.

2025 மே மாதம் பார்ன்ஸ் எதிர் ஃபெலிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தக் குறுக்கலை நிராகரித்தது. நிகழ்வின் முழுச் சூழலையும், முன்னால் நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்றது. காவலர் தாமே உருவாக்கிய ஆபத்தை எப்படி எடைபோடுவது என்ற கேள்வியை மட்டும் அந்த வழக்கில் அது தீர்க்கவில்லை. கலிஃபோர்னியா மாநிலம் இன்னும் ஒரு படி முன்னால் போய்விட்டது. 2020 ஜனவரி 1 முதல் அங்கே உயிர்கொல்லும் பலம் “அவசியமாக” இருக்க வேண்டும். சூட்டுக்கு முன் காவலர் நடந்துகொண்ட விதமும் கணக்கில் சேரும். தனக்கு மட்டுமே ஆபத்தாக இருப்பவரை, காவலருக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து இல்லாதபோது, சுடக் கூடாது என்றும் அச்சட்டம் தெளிவாகச் சொல்கிறது. தற்கொலை எண்ணத்தோடு கத்தியைத் தன் கழுத்தில் வைத்திருக்கும் ஒருவரைக் காப்பாற்றப் போய் அவரையே சுட்டுக் கொன்ற நிகழ்வுகள் உண்டு என்பதால்தான் இதை எழுதிவைக்க வேண்டியிருந்தது.

ஆக, “காவலர்மேல் வழக்கு இல்லை” என்ற முடிவுக்கு, “இதைத் தவிர்த்திருக்க முடியாது” என்று பொருள் இல்லை. முன்னது தண்டனை பற்றியது. பின்னது பயிற்சியும் திட்டமும் பற்றியது. முதல் கேள்விக்குப் பதில் வந்ததும் இரண்டாவதை மூடிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

காணொளி பற்றியும் ஒரு சொல். காவலரின் உடலில் பொருத்திய கேமரா அகன்ற கோணத்தில் பதிகிறது. அவர் கண் எதைப் பார்த்தது என்பதை அது காட்டாது. மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கும்போது செயல் வேண்டுமென்றே செய்யப்பட்டதாகத் தோன்றும் என்பதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இது காவலரைப் பார்க்கும்போதும் பொருந்தும், எதிரே நிற்பவரைப் பார்க்கும்போதும் பொருந்தும். சாதாரண வேகத்தில், தொடக்கத்திலிருந்து பாருங்கள்.

## யார் போகிறார்கள், என்ன தெரிந்துகொண்டு போகிறார்கள்

2014 நவம்பரில் கிளீவ்லேண்ட் நகரில், பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவனைக் காவலர் சுட்டுக் கொன்றார். அது மனநெருக்கடி நிகழ்வு அல்ல. ஆனால் நான் சொல்லவருவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இன்னொரு நிகழ்வு எனக்குத் தெரியாது. அழைத்தவர் அது போலித் துப்பாக்கியாக இருக்கலாம் என்றும், சிறுவனாக இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அந்தத் தகவல் காவலர்களுக்குப் போய்ச் சேரவில்லை. காரைச் சிறுவனுக்கு மிக அருகில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இரண்டு நொடிகளுக்குள் சூடு நடந்தது. அந்த இரண்டு நொடிகளில் நல்ல முடிவு எடுத்திருக்க முடியுமா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடலாம். தகவலும் தூரமும் அதற்கு முன்பே இழக்கப்பட்டிருந்தன.

மெம்பிஸ் நகரில் 1987-இல் கத்தியால் தன்னைத்தானே வெட்டிக்கொண்டிருந்த, மனநலம் பாதிக்கப்பட்ட ஓர் இளைஞரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். எழுந்த கொதிப்பின் விளைவாக 1988-இல் நெருக்கடித் தலையீட்டுக் குழு என்ற முறை அங்கே பிறந்தது. விருப்பத்தோடு முன்வரும் காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி. இத்தகைய அழைப்புகளுக்கு அவர்களே போவார்கள். கைது செய்வதைவிட மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே நோக்கம். இன்று பல நாடுகளில் இதன் வடிவங்கள் உள்ளன. காவலர்களின் அறிவையும் மனப்பான்மையையும் இது மாற்றுகிறது என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. மரணங்களைக் குறைக்கிறது என்பதற்கு அவ்வளவு வலுவான சான்று இல்லை. பேச்சை மட்டும் கற்பித்து, நெருங்கிப்போகும் பழக்கத்தை அப்படியே விட்டுவைத்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் ஊகம்.

காவலரே இல்லாமல் மருத்துவப் பணியாளரையும் மனநலப் பணியாளரையும் அனுப்பும் முறைகளும் உள்ளன. டென்வர் நகரம் 2020 ஜூனில் அப்படி ஒன்றைத் தொடங்கியது. அவை மிக நல்லவை, பெருக வேண்டியவை. ஆனால் அவை ஆயுதம் இல்லாத அழைப்புகளுக்கானவை. கத்தி வெளியே வந்துவிட்டால் மீண்டும் காவலர்தான் போகிறார். இதில் அவற்றின் பங்கு, கத்தி வெளியே வரும் நாளுக்கு முன்பே அந்த மனிதரைச் சிகிச்சைக்குக் கொண்டுபோவது.

அழைப்பவர்கள் பெரும்பாலும் குடும்பத்தினர். அவர்கள் கையிலும் சில வழிகள் இருக்கின்றன. அவசர எண்ணில் முதல் வாக்கியத்திலேயே இது மனநல நெருக்கடி என்று சொல்லுங்கள். ஆயுதம் இருக்கிறதா, என்ன ஆயுதம், கையில் இருக்கிறதா வேறு அறையில் இருக்கிறதா என்பதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள், பயத்தில் பெரிதாக்காதீர்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், என்ன மருந்து எடுத்துக்கொள்கிறார், அதை நிறுத்திவிட்டாரா, எந்தப் பேச்சு அவரை அமைதிப்படுத்தும், எது கொதிக்கவைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெருக்கடிப் பயிற்சி பெற்ற காவலர் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேளுங்கள். முடிந்தால் மற்ற அனைவரும் வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். உள்ளே அவர் மட்டும் இருந்தால், கதவை உடைத்துக்கொண்டு போக வேண்டிய அவசரம் காவலருக்கு இருக்காது.